சிக்னல் பெட்டி: ஃபோனைத் தேடும் கணக்கு

டவர்களை எங்கே வைப்பது, எல்லைகளை எப்படிப் போடுவது என்று திட்டமிடும் ரேடியோ பிளானிங் பிரிவில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், மொபைல் நெட்வொர்க் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: யாராவது எனக்கு ஃபோன் செய்தால் சில விநாடிகளில் மணி அடித்துவிடுகிறது. அப்படியானால் நான் எந்த டவருக்குக் கீழே இருக்கிறேன் என்பதை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களா?

இல்லை. ஃபோன் சட்டைப் பையில் சும்மா கிடக்கும் நேரத்தில், அது எந்த டவரின் கீழ் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அது முயல்வதும் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வட்டாரம்தான்.

2ஜி காலத்திலிருந்தே ஏற்பாடு இப்படித்தான். செல் என்பது ஒரு டவர் ஆன்டெனாவின் சிக்னல் எட்டும் பரப்பு. பக்கத்துப் பக்கத்து செல்கள் சிலவற்றைச் சேர்த்து ஒரு லொகேஷன் ஏரியா என்று வைத்து, அதற்கு ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். அந்த ஏரியாவில் உள்ள ஒவ்வொரு செல்லும் அந்த எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். உங்கள் ஃபோன் அதைக் கேட்டு, சிம் கார்டில் எழுதி வைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வாயே திறக்காது. வேறாக இருந்தால்தான் 'நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன்' என்று தகவல் அனுப்பும். இதுதான் லொகேஷன் அப்டேட்.

அழைப்பு வரும்போது நெட்வொர்க் முதலில் ஹெச்.எல்.ஆர். என்ற தலைமைப் பதிவேட்டைப் பார்க்கும். அதில் உங்கள் செல் இருக்காது. உங்களை இப்போது கவனித்துக்கொள்ளும் வி.எல்.ஆர். என்ற வட்டாரப் பதிவேடு எது என்பது மட்டும் இருக்கும். அந்த வட்டாரப் பதிவேட்டில் உங்கள் லொகேஷன் ஏரியா இருக்கும். அப்புறம் அந்த ஏரியாவின் எல்லா செல்களிலும், நெட்வொர்க் உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கும் தற்காலிக அடையாள எண்ணைச் சொல்லி ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். பெரிய மண்டபத்தில் மைக்கில் பெயர் சொல்லி அழைப்பது மாதிரி. இதற்குப் பேஜிங் என்று பெயர். ஃபோன் பதில் சொன்ன பிறகே எந்த செல் என்று தெரியவரும்.

நம்பரை அழுத்திய பின் மணி அடிப்பதற்குள் வரும் அந்தச் சிறு மௌனத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. பேட்டரியை மிச்சப்படுத்த ஃபோன் தூங்கித் தூங்கித்தான் விழிக்கும். 2ஜி-யில் சுமார் 0.47 விநாடியிலிருந்து 2.12 விநாடிக்கு ஒருமுறை, 4ஜி-யில் 0.32, 0.64, 1.28, 2.56 விநாடி என நான்கில் ஏதோ ஓர் இடைவெளியில் காதைத் திறந்து பார்க்கும். பேஜ் செய்யும் நெட்வொர்க் அது விழிக்கும் நேரம் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும்.

கேள்வி: டவர் மாறும்போதெல்லாம் ஃபோனே 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் தேடும் வேலையே இல்லையே. ஏன் அப்படி வைக்கவில்லை?

வைக்கலாம். கணக்குதான் உதைக்கும். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு ஃபோன் காரில் நேராகப் போகிறது. மணிக்கு 6 செல் தாண்டுகிறது, மணிக்கு ஓர் அழைப்பு வருகிறது. ஒரு செல்லில் ஒருமுறை பேஜ் செய்ய ஆகும் செலவை 1 என்றும், ஒரு லொகேஷன் அப்டேட்டுக்கு ஆகும் செலவை 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பேஜிங் என்பது டவர் ஒருதரம் கூவிவிட்டுப் போவது. அப்டேட் அப்படியில்லை. ஃபோன் சேனல் கேட்டு வாங்க வேண்டும், தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், பெரும்பாலும் புதிய தற்காலிக எண்ணும் வாங்கிக்கொள்ள வேண்டும். போக வர பல செய்திகள். ஃபோனின் பேட்டரியும் அதில் செலவாகிறது. அதனால்தான் பத்து மடங்கு.

ஏரியாவில் ஒரே ஒரு செல் இருந்தால், அதாவது நீங்கள் சொல்வது போல் வைத்தால், மணிக்கு 6 அப்டேட், செலவு 60. பேஜிங் 1. மொத்தம் 61. இரண்டுக்கு இரண்டாக நான்கு செல் சேர்த்தால், இரண்டு செல்லுக்கு ஒருமுறைதான் எல்லை வரும். அப்டேட் செலவு 30, பேஜிங் 4, மொத்தம் 34. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது செல் என்றால் 20-உம் 9-உம் சேர்ந்து 29. பதினாறு செல்லுக்கு 15-உம் 16-உம், 31. இருபத்தைந்துக்கு 37. நூறு செல்லைச் சேர்த்தால் அப்டேட் செலவு வெறும் 6-ஆகக் குறையும், ஆனால் பேஜிங் 100 ஆகி மொத்தம் 106-இல் போய் நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது அடிமட்டத்தைத்தான். 9-க்கும் 16-க்கும் நடுவே பள்ளம் ஏறக்குறைய தட்டையாக இருக்கிறது. கொஞ்சம் முன்னே பின்னே போனால் குடி முழுகிவிடாது. மிகச் சரியான எண்ணைத் தேடி இராப்பகலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

அதே ஃபோன் ஸ்மார்ட்ஃபோனாகி, செயலிகளின் அறிவிப்புகளும் சேர்ந்து மணிக்குப் 10 தடவை அதைத் தேட வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒன்பது செல் ஏரியாவின் செலவு 29-லிருந்து 110-க்குத் தாவிவிடும். ஒரு செல் ஏரியாவுக்கும் நான்கு செல் ஏரியாவுக்கும் 70. இரண்டு செல் அளவில் வைத்தால் 62 சொச்சம், அதுதான் குறைவு. நாள் முழுக்க வீட்டை விட்டு நகராத ஃபோனுக்கோ எல்லைப் பிரச்சினையே இல்லை, ஒரு செல் போதும். ஆளுக்கு ஆள் சரியான அளவு மாறுகிறது. 2ஜி, 3ஜி ஏற்பாட்டிலோ எல்லோருக்கும் ஒரே எல்லைதான். ஓடுகிறவர், உட்கார்ந்திருப்பவர், பேசிக்கொண்டே இருப்பவர், பேசாதவர் எல்லோருக்கும் சராசரி பார்த்து ஒரு கோடு போட வேண்டும். எங்கள் தலைவலி முழுக்க அங்கேதான்.

இதற்கு மாற்றாக ஒவ்வொரு ஃபோனுக்கும் தனி விதி கொடுக்கும் யோசனை பழையது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சொல், அல்லது இத்தனை செல் தாண்டியதும் சொல், அல்லது கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து இவ்வளவு தூரம் விலகினால் மட்டும் சொல். பார்-நோய், கெஸ்லர், சிடி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1995-இல் இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நகர்வு மாதிரிகளில் தூரம் பார்க்கும் முறைதான் தேறியது. காரணம் எளிது. இரண்டு செல்லுக்கு நடுவே முன்னும் பின்னுமாக அலைகிறவர் பல செல் தாண்டியதாகக் கணக்கு ஏறும், ஆனால் தூரம் விலகியிருக்க மாட்டார். சிக்கல் என்னவென்றால், தூரத்தை அளக்க ஃபோனுக்கு செல்களின் அமைப்பு தெரிய வேண்டும். எண்ணிக்கையை வைத்துக்கொள்ள ஒரு கவுன்டர் போதும்.

தேடுகிற பக்கத்திலும் மிச்சம் பிடிக்கலாம். 30 செல் உள்ள ஏரியாவில் எல்லாவற்றிலும் ஒரேயடியாகக் கூப்பிடாமல், கடைசியாகப் பார்த்த செல்லையும் அதைச் சுற்றியுள்ள ஆறையும் முதலில் கூப்பிடுங்கள். 80 சதவீத நேரம் ஆள் அந்த ஏழுக்குள் கிடைத்துவிட்டால், சராசரிச் செலவு 7-உம், மீதி 20 சதவீத நேரத்துக்கு 23 செல்லும். 7 கூட்டல் 4.6, ஆக 11.6. முப்பதுக்குப் பதில் பன்னிரண்டு கூட இல்லை. விலை? முதல் தடவை கிடைக்காதவருக்கு இன்னொரு விழிப்புச் சுற்று காத்திருக்க வேண்டும். கூப்பிட்டவர் அந்த ஒன்றிரண்டு விநாடியைப் பொறுத்துக்கொள்வார்.

கேள்வி: தினமும் ரயிலில் போகிறேன். ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் பெட்டியில் பலருக்கும் ஃபோன் கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கிறது. டவர் இல்லாத இடமும் இல்லை. என்ன காரணம்?

சிக்னல் கட்டை முழுசாக இருந்தும் கால் போகவில்லை என்றால், லொகேஷன் ஏரியா எல்லை அங்கே தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டுகிறதோ என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

யோசித்துப் பாருங்கள். சாலையில் வண்டிகள் ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டும். ரயிலில் நூற்றுக்கணக்கான ஃபோன்கள் சில விநாடிகளுக்குள் மொத்தமாகத் தாண்டும். அத்தனையும் ஒரே செல்லில் சேனல் கேட்டு முட்டிமோதும். 2ஜி-யில் இதற்கென்று எஸ்.டி.சி.சி.ஹெச். என்று ஒரு சிறிய சிக்னல் சேனல் உண்டு. லொகேஷன் அப்டேட், எஸ்.எம்.எஸ்., கால் தொடங்குவது எல்லாம் அதன் வழியாகத்தான். அது நிரம்பிவிட்டால் பேச்சுச் சேனல்கள் காலியாக இருந்தும் யாராலும் அழைக்க முடியாது.

பிளானிங் பிரிவில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்த செல்லின் எஸ்.டி.சி.சி.ஹெச். நெரிசல் புள்ளிவிவரத்தைக் கால் மணிக்கு ஒரு தடவை என்று பிரித்து வரைந்தால், நாள் முழுக்கத் தரையோடு கிடக்கும் கோடு சில நேரங்களில் மட்டும் ஈட்டி மாதிரி குத்தி நிற்கும். ரயில் கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்தும். நாள் சராசரியைப் பார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது. சராசரியை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று புகாரை மூடிவிடும் மேலதிகாரிகள் எல்லா இடத்திலும் உண்டு.

தீர்வு, எல்லையை நகர்த்துவது. ஆள் நடமாட்டம் குறைந்த பக்கமாக, ரயில் நிற்கும் நிலையத்திலிருந்தும் பெரிய சாலைச் சந்திப்பிலிருந்தும் தள்ளி. எல்லை தண்டவாளத்தை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே இடத்தில் சட்டென்று வெட்டட்டும். தண்டவாளத்தோடு ஒட்டியே ஓடும் எல்லைதான் மிகக் கெட்டது, ரயில் போகும் வழியெல்லாம் ஃபோன்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாவிக்கொண்டே இருக்கும். நின்ற இடத்திலேயே இப்படித் தாவும் ஃபோன்களை அடக்க 2ஜி-யில் ஒரு அளவுரு இருக்கிறது. பக்கத்து ஏரியாவின் செல், இப்போதைய செல்லைவிட இத்தனை டெசிபெல் கூடுதலாக இருந்தால் மட்டும் மாறு என்று அது சொல்லும். அதை ஏற்றி வைத்தால் தாவல் குறையும். ரொம்ப ஏற்றினால், ரயில் ஓடிக்கொண்டிருக்க ஃபோன் தேய்ந்துபோன பழைய செல்லையே பிடித்துத் தொங்கும். உங்கள் பெட்டியில் நடப்பது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

கேள்வி: எம்.இ. மாணவி நான். 'ரிப்போர்ட்டிங் செல் பிளானிங்'தான் என் புராஜெக்ட். ஜெனடிக் அல்காரிதம், சிமுலேட்டட் அனீலிங், எறும்புக் கூட்ட முறை இவற்றில் எது சிறந்தது? 'பழசு வேண்டாம், ஓநாய், திமிங்கலம் என்று புதிதாக ஒன்று போடு' என்கிறார் கைடு. என்ன செய்யட்டும்?

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இவர் பெயர் சொல்லும் முறைகள் எல்லாம், வழிகள் எக்கச்சக்கமாக இருக்கும்போது நல்ல விடையைத் தேடும் கணினி முறைகள். ஓநாய், திமிங்கலம் என்பவை விலங்குகளின் பெயரில் பின்னால் வந்தவை. ரிப்போர்ட்டிங் செல் பிளானிங் என்பது பார்-நோயும் கெஸ்லரும் 1993-இல் சொன்ன யோசனை. வட்டாரம் பிரிப்பதற்குப் பதில், சில செல்களை மட்டும் 'அறிவிக்கும் செல்' என்று குறித்து வைப்பது. அதற்குள் நுழையும் ஃபோன் தகவல் சொல்லும். மற்ற செல்களில் எவ்வளவு சுற்றினாலும் பேசாது. அழைப்பு வந்தால் கடைசியாகத் தகவல் சொன்ன செல்லையும், அங்கிருந்து வேறு அறிவிக்கும் செல்லைத் தொடாமல் போய்ச் சேரக்கூடிய அறிவிக்காத செல்களையும் தேடினால் போதும். எந்தெந்த செல்லைக் குறிப்பது என்பதுதான் கேள்வி. பொதுவான அமைப்பில் இது என்.பி. கடினம், அதாவது செல்கள் பெருகினால் மிகச் சரியான விடையைச் சீக்கிரம் தரும் வழி யாருக்கும் தெரியாத வகை, என்பதையும் அவர்களே காட்டிவிட்டார்கள்.

அம்மா, அல்காரிதத்துக்கு முன்னால் செலவுக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வரிசையாக நான்கு செல்: அ, ஆ, இ, ஈ. மணிக்கு உள்ளே நுழைபவர்கள் முறையே 20, 50, 70, 20. வரும் அழைப்புகள் 400, 100, 100, 400. நடுவில் இருப்பவை கடந்து போகும் இடம், ஓரங்கள் ஆட்கள் தங்கும் இடம். அப்டேட்டுக்கு 10, பேஜுக்கு 1. அறிவிக்காத செல்லில் இருப்பவரைத் தேடும் செலவுக்கு, அவர் கடைசியாக அறிவித்திருக்கக்கூடிய செல்களில் தேடும் பரப்பு எதற்கு அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த செல்லும் அறிவிக்காவிட்டால் ஆயிரம் அழைப்புக்கும் நான்கு செல்லும் தேட வேண்டும், 4000. எல்லாம் அறிவித்தால் அப்டேட் 1600, பேஜிங் 1000, மொத்தம் 2600. ஓரம் இரண்டும் மட்டும் என்றால் 3400. நடு இரண்டும் மட்டும் என்றால் 3200. அ, ஆ, ஈ மூன்றையும் குறித்து இ-யை மட்டும் விட்டால் அப்டேட் 900, பேஜிங் 1600, மொத்தம் 2500. பதினாறு வழிகளில் இதுதான் குறைவு. கூட்டம் கடந்து போகிற, ஆனால் அழைப்பு அதிகம் வராத செல்லைப் பேச விடாமல் வைப்பது லாபம் என்று எண்ணே சொல்கிறது. இப்படி ஒருமுறை போட்டுவிட்டால், பிறகு உங்கள் நிரல் தரும் விடை அபத்தமாக இருந்தால் பார்த்ததுமே பிடித்துவிடுவீர்கள்.

நான்குக்கு நான்கு செல் என்றால் 65,536 வழிகள். எல்லாவற்றையும் லேப்டாப்பே சட்டென்று பார்த்துவிடும், அல்காரிதம் எதுவும் தேவையில்லை. அதை அவசியம் செய்து உண்மையான குறைந்தபட்சத்தைக் குறித்து வையுங்கள். உங்கள் முறைகளை உரசிப் பார்க்க அதைவிட நல்ல உரைகல் கிடையாது. பத்துக்குப் பத்து செல் என்றால் வழிகள் 1-க்குப் பின் முப்பது சைபர் போட்ட எண்ணையும் தாண்டும். விநாடிக்கு நூறு கோடி வழிகளைப் பார்த்தாலும் பிரபஞ்சத்தின் வயதைப் போல ஏறத்தாழ 2,900 மடங்கு காலம் ஆகும். அங்கேதான் உங்கள் அனீலிங்கும் எறும்பும் வேலைக்கு வருகின்றன.

எது சிறந்தது என்று கேட்டால், நான் சிமுலேட்டட் அனீலிங்கில் ஆரம்பிப்பேன். 1983-இல் கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் வெளியிட்டது. ஒரு செல்லைப் புரட்டு: அறிவிப்பதை அறிவிக்காததாக்கு, அல்லது மாற்று. செலவு குறைந்தால் வைத்துக்கொள். கூடினால் வெப்பநிலையைப் பொறுத்துச் சில நேரம் ஏற்றுக்கொள். வெப்பநிலை என்பது இங்கே முதலில் ஏற்றி வைத்துப் படிப்படியாகக் குறைக்கும் ஓர் எண், அவ்வளவுதான். செலவு 3 கூடும் ஒரு மாற்றத்தை வெப்பநிலை 10-இல் 74 சதவீத வாய்ப்போடு ஏற்கும், வெப்பநிலை 1-இல் வெறும் 5 சதவீதம். நிரல் எழுத எளிது, பிழை பிடிக்கவும் எளிது. இந்தச் சிக்கலுக்கு இது பொருந்த இன்னொரு காரணமும் உண்டு. ஒரு செல்லைப் புரட்டினால் அதைச் சுற்றியுள்ள பரப்பின் கணக்குதான் மாறும். மொத்தக் கணக்கையும் திரும்பப் போடாமல் அந்த வித்தியாசத்தை மட்டும் போட்டால், அதே நேரத்தில் எத்தனையோ மடங்கு அதிக வழிகளைப் பார்த்துவிடலாம். எந்த விலங்கின் பெயரை வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

ஜெனடிக் அல்காரிதம் எடுத்தால் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு விடைகளைக் கலந்து புது விடை உண்டாக்கும் முறை அது. அதற்காக செல்களை வரிசை வரிசையாக நீட்டி ஒரே சரமாக்கி, நடுவில் வெட்டி ஒட்டுவார்கள். மேலும் கீழும் ஒட்டியிருக்கும் இரண்டு செல்கள் அந்தச் சரத்தில் பத்து இடம் தள்ளி நிற்கும். ஒன்றுக்கொன்று துணையாக இருந்த அமைப்பை வெட்டு பிய்த்துப் போடும். வெட்டுவதானால் வரைபடத்தில் ஒரு கட்டமாக வெட்டி, அப்பாவிடமிருந்து ஒரு மூலை, அம்மாவிடமிருந்து மீதி என்று எடுங்கள். எறும்பு முறையும் ஓடும். ஆனால் அதன் பிறப்பு பாதை தேடுவதில். இங்கே பாதை எதுவும் இல்லை, ஆமா இல்லையா என்ற நூறு முடிவுகள்தான். ஜெனடிக், டாபு (சமீபத்தில் பார்த்த வழிக்குத் திரும்பாமல் தேடும் முறை), எறும்பு மூன்றையும் இதே சிக்கலில் சுப்ராதாவும் ஸோமாயாவும் 2003-இலேயே ஒப்பிட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் தொடங்காதீர்கள்.

கைடு விஷயத்துக்கு வருகிறேன். ஓநாய், திமிங்கலம் வரிசையை நான் மதிப்பதில்லை. பெயரைக் கழற்றிவிட்டுச் சமன்பாட்டைப் பார்த்தால் பலவும் பழைய சரக்குதான். கென்னத் சோரன்சன் என்ற ஆய்வாளர் 2015-இல் இதையே வெளிப்படையாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார், பாராட்டும் பெற்றார். ஆனால் கைடிடம் நேரடியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒப்பீட்டில் அவர் சொல்லும் முறையையும் ஒரு வரிசையாகச் சேர்த்துவிடுங்கள். எல்லா முறைக்கும் செலவுச் சார்பை (ஒரு வழியின் செலவைக் கணக்கிடும் நிரல் பகுதியை) கூப்பிட ஒரே எண்ணிக்கை அனுமதி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு தொடக்கத்தில் 30 தடவையாவது ஓட்டுதல், சிறந்ததை மட்டும் காட்டாமல் பரவலையும் காட்டுதல். இந்த மூன்றும் இருந்தால் ஓநாய் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்.

அந்தப் பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரைகளில் அப்டேட்டுக்குப் பத்து மடங்கு என்பது வழக்கம் ஆகிவிட்டது. அவ்வளவுதான், வேதவாக்கு அல்ல. 5, 10, 20 என்று மாற்றி ஓட்டுங்கள். உங்கள் அனீலிங்குக்கும் பக்கத்து மேசைக்காரரின் எறும்புக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, இந்த எண்ணை மாற்றினால் விடை மாறுவது பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். நகர்வுத் தகவலும் அப்படித்தான். குத்துமதிப்பாக எல்லாப் பக்கமும் சமமாக அலையும் ஆட்களை உருவாக்கி ஓட்டாதீர்கள். சாலை போல ஒரு வரிசை செல்களில் நெரிசலைக் குவித்துப் பாருங்கள், அப்போதுதான் சிக்கலுக்கு உயிர் வரும்.

கேள்வி: ஃபோனை அணைத்து வைத்தால் 'ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது' என்றும், சில நேரம் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றும் சொல்கிறது. எப்படித் தெரிகிறது?

முறையாக அணைக்கும்போது ஃபோன் போகிற போக்கில் 'விடைபெறுகிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் படுக்கிறது. பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள். அதன்பின் யாரும் தேடவே மாட்டார்கள், அறிவிப்பு உடனே வரும். சுரங்கத்தில் நுழைந்தாலோ பேட்டரியைப் பிடுங்கினாலோ அந்தச் செய்தி போகாது. நெட்வொர்க் பேஜ் செய்து, பதிலுக்குக் காத்திருந்து, பிறகுதான் கைவிடும். அறிவிப்பு தாமதமாக வருவதை வைத்தே இரண்டையும் ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். எந்த வாசகத்தைப் போடுவது என்பது மட்டும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம்.

செய்தி சொல்லாமல் மறைந்த ஃபோனைக் காலம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா. அதற்குத்தான் எல்லை தாண்டாவிட்டாலும் அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று சொல்லச் சொல்லும் டைமர். 2ஜி-யில் இதை 6 நிமிட அலகுகளில் வைப்பார்கள், அதிகபட்சம் 255 அலகு, அதாவது 25.5 மணி நேரம். 4ஜி-யில் இயல்பான மதிப்பு 54 நிமிடம். நெட்வொர்க் அதைவிட 4 நிமிடம் கூடுதலாகப் பொறுத்துப் பார்க்கும், அதற்கும் சத்தமில்லை என்றால் எட்ட முடியாத கணக்கில் வைக்கும்.

கேள்வி: இந்தப் பதிவை வைத்து நான் நிற்கும் தெருவைச் சொல்லிவிட முடியுமா?

லொகேஷன் ஏரியாவை மட்டும் வைத்து முடியாது, அது பல கிலோமீட்டர் பரந்தது. ஆனால் நீங்கள் பேசும்போதோ, ஃபோன் டேட்டா அனுப்பும்போதோ செல் தெரிந்துவிடும். ஸ்மார்ட்ஃபோன் சும்மா இருப்பதாக நீங்கள் நினைக்கும் நேரத்திலும் அது எதையாவது அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அதோடு டைமிங் அட்வான்ஸ் என்ற அளவும் சேரும். அலை போய்வரும் நேரத்தை வைத்து டவரிலிருந்து தூரம் சொல்வது. 2ஜி-யில் அதன் படி சுமார் 550 மீட்டர், 4ஜி-யில் சுமார் 78 மீட்டர். இதெல்லாம் இடம் காட்டுவதற்காக வந்த ஏற்பாடு இல்லை, செய்திகள் ஒன்றோடொன்று மோதாமல் நேரத்துக்கு வந்துசேர வேண்டும் என்பதற்காக வந்தது. இடமும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது.

கேள்வி: 4ஜி, 5ஜி வந்த பிறகும் இந்தக் கணக்கெல்லாம் தேவையா?

தேவை, ஆனால் நல்ல திருப்பம் வந்திருக்கிறது. 4ஜி-யில் ஏரியாவின் பெயர் டிராக்கிங் ஏரியா. அதில் ஒரு ஃபோனுக்கு ஒரே ஏரியா என்று இல்லாமல் 16 ஏரியா வரை ஒரு பட்டியலாகக் கொடுக்கலாம். அந்தப் பட்டியலுக்குள் எங்கே சுற்றினாலும் அது பேச வேண்டாம். முக்கியமானது என்னவென்றால், பட்டியல் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கலாம். மேலே சொன்னேனே, எல்லோருக்கும் ஒரே கோடு என்ற தலைவலி, அதற்கு மருந்து இதில் இருக்கிறது. காலையில் ரயிலில் வருகிறவருக்குத் தண்டவாளத்தோடு நீண்ட பட்டியல், வீட்டிலிருப்பவருக்குக் குட்டிப் பட்டியல். இருவரும் ஒரே செல்லில் நின்றாலும்கூட. தாவல் பிரச்சினையும் இதில் அடங்கும். எல்லைக்கு வந்து புதுப் பட்டியல் வாங்கும் ஃபோனுக்கு, பழைய பக்கத்து ஏரியாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போனாலும் அப்டேட் வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போகும் சோம்பேறி அமைப்புகளும் உண்டு. அப்படிச் செய்தால் 2ஜி-யில் இருந்த இடத்துக்கே திரும்பியதாகத்தான் அர்த்தம்.

5ஜி-யில் இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. ஃபோன் முழுக்கத் தூங்காமல் அரைத்தூக்கத்தில் இருக்கும் நிலையில், ரேடியோ நெட்வொர்க்கே அதற்கு ஒரு சிறிய வட்டாரம் வகுத்துத் தானே தேடிக்கொள்ளும், மையப் பதிவேட்டைத் தொந்தரவு செய்யாது. பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம். இரண்டின் அளவையும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதால் கணக்கு சுலபமாகவில்லை, இரட்டிப்பாகிவிட்டது.

மறுபக்கம், தண்ணீர் மீட்டர், சென்சார் மாதிரியான கருவிகள். நாள் ஒன்றுக்கு ஒரு தகவல் அனுப்பினால் போதும், ஆனால் பேட்டரி வருடக்கணக்கில் தாங்க வேண்டும். இவற்றுக்கு ஆழ்ந்த தூக்க முறை ஒன்று உண்டு, அதில் 'இருக்கிறேன்' என்று சொல்லும் இடைவெளியை 413 நாள் வரை நீட்டலாம். அந்தத் தூக்கத்தில் இருக்கும் கருவியைக் கூப்பிட்டுப் பயனில்லை. அதுவாக எழுந்தால்தான் உண்டு. அசையாமல் சுவரில் ஒட்டியிருக்கும் ஒன்றைத் தேடுவதற்கு யாரும் அல்காரிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: சிக்னல் இருந்தும் நெட் வராதபோது ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுத்தால் சரியாகிறது. மந்திரமா?

மந்திரம் இல்லை. போடும்போது ஃபோன் விடைபெறுகிறது. எடுக்கும்போது செல்லைப் புதிதாகத் தேடி, பதிவையும் முதலிலிருந்து செய்கிறது. நீங்கள் இருக்கும் இடம் பற்றிப் பதிவேட்டில் பழைய குப்பை ஏதும் தங்கியிருந்தால் போய்விடும், புதுப் பட்டியலும் கிடைத்துவிடும். அவசரத்துக்கு அதையே செய்யுங்கள். தினமும் ஒரே இடத்தில் செய்ய வேண்டியிருந்தால் மட்டும் இடத்தையும் நேரத்தையும் குறித்துப் புகார் கொடுங்கள். நேரம் இல்லாத புகாரை வைத்து பிளானிங் பிரிவில் யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.